மூன்று வகைக் காற்று

கரிசல் ஊர்களில் தெருவுக்குத் திசைதான் பெயர். மேலத்தெரு, வடக்குத்தெரு, கீழத்தெரு. கோவில்பட்டியைச் சுற்றி நாங்கள் போய்வரும் ஊர்கள் பலவற்றில் கீழத்தெரு என்றால் அது நம் மக்கள் தெரு. தெற்கே காலனி இருக்கிற ஊர்களும் உண்டு, எல்லா ஊரையும் ஒரே அச்சில் வார்க்க முடியாது. ஆனாலும் ஏன் கிழக்கு என்று பெரியவர்களிடம் கேட்டால் ஏறக்குறைய ஒரே பதில்தான் வருகிறது. ஆனியிலும் ஆடியிலும் இங்கே மேல்காற்று பேயாக அடிக்கும். கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். "மேகாத்து எங்க மேல பட்டுட்டு அவுக வீட்டுக்குப் போயிறக் கூடாதுல்லா, அதுக்குத்தான்" என்றார் ஒரு தாத்தா. கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அவுக வீட்டுப் புகை எங்க வீட்டுக்கு வரலாம், அதுல தீட்டு இல்ல" என்று சிரித்தார்.

இதற்குப் பட்டயமோ செப்பேடோ கிடையாது. ஊர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் விளக்கம், அவ்வளவுதான். ஆனால் காற்று மாசு பற்றி அரசு எழுதிவைத்திருக்கும் காகிதங்களைப் படிக்கத் தொடங்கியபோது அந்தத் தாத்தா அடிக்கடி நினைவுக்கு வந்தார். தீட்டு என்ற பழைய சொல்லும் மாசு என்ற புதிய சொல்லும் வேறு வேறு ஆட்கள் உருவாக்கியவை. இரண்டும் வரையும் வரைபடம் மட்டும் பல இடங்களில் ஒன்றன் மேல் ஒன்று பொருந்திவிடுகிறது. அது எப்படி நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

சட்டங்களின் கதை சுருக்கமானது. 1972இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. நடத்திய மாநாட்டுக்குப் பிறகு இந்தியாவில் 1974இல் தண்ணீருக்கு ஒரு சட்டம், 1981இல் காற்றுக்கு ஒரு சட்டம் வந்தன. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. 1984 டிசம்பரில் போபால் நடந்தது. அதற்குப் பிறகுதான் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். இதெல்லாம் போட்டித் தேர்வு வழிகாட்டிகளிலேயே இருக்கிறது. அவற்றில் இல்லாத ஒரு காகிதத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

1994 ஏப்ரலில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காற்றின் தர அளவுகளை அறிவித்தது. காற்றில் மிதக்கும் துகள் ஆண்டுச் சராசரியாக எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு அதில் மூன்று எண்கள். தொழிற்பகுதி என்றால் ஒரு கன மீட்டருக்கு 360 மைக்ரோகிராம். குடியிருப்பு மற்றும் கிராமப் பகுதி என்றால் 140. 'உணர்திறன் மிக்க பகுதி' என்றால் 70. கந்தக டை ஆக்சைடுக்கும் அப்படியே: 80, 60, 15. அதாவது ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின் கீழ், மூன்று வகைக் காற்று. தொழிற்பேட்டை வேலியை ஒட்டி வீடு இருப்பவருக்கும் நகரத்துக் காலனியில் வீடு இருப்பவருக்கும் நுரையீரல் ஒரே மாதிரிதான். அறிவிக்கை அவர்கள் முகவரியைப் பார்த்தது.

ஒரு முகவரி எப்படித் தொழிற்பகுதி ஆகிறது? நிலம் எடுக்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது புறம்போக்கு, மேய்ச்சல், மானாவாரித் தரிசு. ஊரின் நல்ல நிலத்துக்குப் பட்டா இருக்கும், கோர்ட்டுக்குப் போக ஆளும் இருக்கும். ஊர் ஏற்கெனவே ஒதுக்கிவைத்த ஓரத்தில்தான் பேட்டை வரும். அந்த ஓரத்தில்தான் யார் குடியிருக்கிறார்கள் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அறிவிக்கையை எழுதியவர்கள் சாதியை நினைத்து எழுதினார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நினைக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லாமல் போனது. இடத்தைச் சாதி முன்பே பிரித்து வைத்திருந்தது.

'உணர்திறன் மிக்க' என்ற அந்த மூன்றாவது வகைக்கு வருவோம். எது அப்படிப்பட்ட இடம்? 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டையும் தொடுத்தவர் ஒரே வழக்கறிஞர், எம்.சி. மேத்தா. டிசம்பர் 30ஆம் தேதித் தீர்ப்பு தாஜ்மகாலைப் பற்றியது. நிலக்கரிப் புகையால் பளிங்கு மஞ்சளாகிறது என்பதால், சுற்றியிருந்த 292 ஆலைகள் எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் இடம்பெயர வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்கு இருபது நாள் முன்பு, டிசம்பர் 10ஆம் தேதித் தீர்ப்பு நம்ம ஊர் விஷயம். சிவகாசி வட்டாரத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள். ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், நலநிதி அமைக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அருமையான தீர்ப்பு, எத்தனையோ பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது. ஆனால் குழந்தை எழுந்து போன பலகையில் அடுத்த நாள் அதன் அம்மா உட்கார்ந்தார். அவர் இழுக்கும் காற்றில் என்ன இருக்கிறது என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது. பளிங்குக்குக் கிடைத்த காற்றுக் கணக்கு அந்த அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பலகையின் வரலாற்றைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மறு ஆண்டு தொழில் தொடங்கியது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று பரவியது. மழை பொய்க்கும் கரிசலில் ஈரமில்லாத காற்று தீக்குச்சி காய்வதற்குத் தோது. பருத்தியும் கம்பும் கைவிட்ட ஆண்டுகளில் கூலிக்கு ஆளும் தாராளம். இதில் நாம் மறைக்கக் கூடாத இன்னொரு வரலாறும் இருக்கிறது. நாடார் சமூகமே தீட்டு என்று விரட்டப்பட்ட சமூகம். 1897இல் கமுதி கோயிலுக்குள் நுழைந்ததற்காக அவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் நுழைய உரிமை இல்லை என்று தீர்ப்பு வாங்கி வந்தார்கள் எதிர்த்தரப்பினர். அப்படிப்பட்ட ஒரு சமூகம் தொழிலால் தலைநிமிர்ந்தது பெருமைக்குரியது. அதைச் சொல்லிவிட்டு, ஆபீசுக்குள் கட்டை அடுக்கியது யார், மருந்து முக்கியது யார் என்று கேட்பதும் நம் கடமை. தீப்பெட்டி ஆலையை இங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். 'ஆபீசுக்குப் போறேன்' என்று ஒரு அக்கா சொன்னால் வெளியூர்க்காரர் மேசை நாற்காலியை நினைத்துக்கொள்வார்.

தொழில் இங்கே வந்து சேர்ந்த காலத்தில் ஒரு பெரிய ஆபத்து ஏற்கெனவே விலகியிருந்தது. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீக்குச்சியை வெள்ளைப் பாஸ்பரஸில் செய்தார்கள். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு அழுகியது. லண்டனில் பிரையன்ட் அண்ட் மே ஆலையின் பெண்களும் சிறுமிகளும் 1888இல் வேலைநிறுத்தம் செய்தபோது அபராதம், பணிநீக்கத்தோடு இந்த நோயும் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. 1906இல் பெர்னில் நாடுகள் கூடித் தடை ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் 1913இல் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் வந்தது. கோவில்பட்டியில் கட்டை அடுக்கிய நம் பாட்டிகளின் தாடை தப்பியதில், பெயர் தெரியாத அந்த லண்டன் பெண்களுக்கும் பங்கு உண்டு. இந்தச் சங்கிலியை நம் தோழர்கள் அதிகம் பேசுவதில்லை என்பது எங்கள் வருத்தம்.

மீதி அத்தனையும் ஆபீசுக்குள்தான் இருந்தது. பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் பசையும் கண்ணாடித் தூளும் சேர்ந்த மருந்து, மெழுகு காயும் அடுப்பு, பெட்டியின் பக்கவாட்டில் தடவும் சிவப்புப் பாஸ்பரஸ். தீப்பிடித்துவிடும் என்ற பயத்தில் காற்றோட்டம் குறைந்த அறைகள். இப்போது தானியங்கி இயந்திரங்கள் வந்து கையால் அடுக்கும் வேலை குறைந்துவிட்டது. பல வருடம் அடுக்கிய ஒரு பெரியம்மா எங்களிடம் சொன்னது: "கந்தக வாடை நெஞ்சுல ஏறிட்டா ராத்திரி சோறு எறங்காது. வாடைன்னுதான் சொல்லுவோம். அது மாசுன்னு நீங்க சொல்லித்தான் தெரியும்."

அந்த வாடைக்கு எந்தச் சட்டம் பொறுப்பு? 1981 சட்டம் வெளிக்காற்றைத்தான் பார்க்கிறது. ஆலைக்குள் இருக்கும் காற்று 2025 வரை தொழிற்சாலைச் சட்டத்தின் பொறுப்பாக இருந்தது. போபாலுக்குப் பிறகு 1987இல் அதைத் திருத்தி, வேலையிடத்துக் காற்றில் எந்த வேதிப்பொருள் எவ்வளவு இருக்கலாம் என்று ஓர் அட்டவணை சேர்த்தார்கள். கந்தக டை ஆக்சைடுக்கு எட்டு மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 5 மில்லிகிராம், அதாவது 5000 மைக்ரோகிராம். வெளிக்காற்றில் இன்று 24 மணி நேரச் சராசரி 80 மைக்ரோகிராம். கணக்கு முறையும் நேரமும் வேறு, நேராக ஒப்பிட்டால் பொறியாளர் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். உலகம் முழுக்க ஆலைக்குள் அளவு கூடுதல்தான் என்பதும் உண்மை. ஆனாலும் அந்தச் சட்டத்தில் இருந்த மின்சாரம் இல்லாமல் 20 பேர், மின்சாரத்தோடு 10 பேர் என்ற வரம்புக்குக் கீழே யூனிட்டைப் பிரித்து வைத்துவிட்டால் அந்த 5000 என்ற கணக்கும் பொதுவாக வாசலோடு நின்றுவிட்டது. வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டுகிறவருக்கு எந்த அட்டவணையும் இல்லை.

ஆலைக்குள்ளேயே இடத்தைச் சாதி பிரிப்பதற்குப் பஞ்சாலை வரலாற்றில் வெளிப்படையான சான்று இருக்கிறது. பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவுக்குள் தலித் தொழிலாளர்களை விடமாட்டார்கள். நாடாவில் நூல் கோர்க்க வாயால் உறிஞ்ச வேண்டும், அவர் எச்சில் பட்ட நாடாவை மற்றவர் வாயில் வைக்கமாட்டார் என்பது காரணம். நெசவில்தான் கூலி அதிகம். 1920களின் கடைசியில் நடந்த பெரிய வேலைநிறுத்தங்களின்போது அண்ணல் அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்களிடம் எழுப்பிய கேள்விகளில் இது முக்கியமானது. முதலாளியை எதிர்த்துக் கொடி பிடிக்கும் தோழர் நாடாவைப் பங்குபோட மறுக்கிறாரே என்றார். பஞ்சுத் தூசியை யார் எந்தப் பிரிவில் எவ்வளவு சுவாசிப்பது என்பதைத் தீட்டே முடிவு செய்தது. கோவில்பட்டியும் பஞ்சாலை ஊர்தான். இங்கே எந்தப் பிரிவில் யார் நின்றார்கள் என்பதை ஓய்வுபெற்ற தொழிலாளர்களிடம் உட்கார்ந்து பதிவு செய்ய வேண்டிய வேலை காத்திருக்கிறது. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் கவனிக்கலாம்.

இனி 1995. அந்த ஆண்டு ஜனவரியில் தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தது. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் விவசாயிகள் விரட்டிய ஆலை அது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி, அதே மாவட்டத்தில் கொடியங்குளத்துக்குள் சுமார் 600 போலீசார் புகுந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், சான்றிதழ்களைக் கிழித்தார்கள், குடிநீர்க் கிணற்றில் நஞ்சைக் கலந்தார்கள் என்று மக்கள் சொன்னார்கள், மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. விசாரணை ஆணையமும் அமைக்கப்பட்டது. அந்த நிகழ்வு சட்டம் ஒழுங்கு என்ற கோப்பில் போனது. குடிநீர் கெட்டது என்பதற்காக 1974ஆம் ஆண்டுச் சட்டத்தை அங்கே யாரும் நினைவுகூரவில்லை. சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் கொடியங்குளத்தைத் தங்கள் வரலாற்றில் சேர்ப்பதில்லை. நாமும் அதைச் சாதி வன்கொடுமை என்ற ஒரே பெயரில் வைத்துக்கொண்டோம். ஒரு தலித் ஊரின் நீராதாரத்தைக் கெடுப்பது எந்தக் கணக்கில் வரும் என்பதை இரண்டு தரப்பும் சேர்ந்து யோசித்திருக்க வேண்டும்.

ஸ்டெர்லைட் கதை உங்களுக்குத் தெரியும். அளப்பது பற்றிய பகுதியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். 1994இல் மாநில வாரியம் கொடுத்த தடையில்லாச் சான்றில், மன்னார் வளைகுடாவிலிருந்து ஆலை 25 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், சுற்றிலும் 250 மீட்டர் அகலத்துக்குப் பசுமை வளையம் வேண்டும் என்று இருந்தது. ஆலை வந்த இடம் தீவுகளிலிருந்து 25 கிலோமீட்டருக்கு வெகு குறைவான தூரத்தில். பசுமை வளையம் நிறுவனத்தின் வேண்டுகோளுக்குப் பிறகு 25 மீட்டர் ஆனது. ஒரு பூஜ்யம் எவ்வளவு எளிதாக உதிர்கிறது பாருங்கள். 1997 ஜூலையில் பக்கத்து உலர்பூ ஆலையில் வேலை செய்த பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் வாயுக் கசிவில் மயங்கினார்கள். அந்த முறை முதலில் எச்சரித்த அளவுமானி அந்தப் பெண்களின் உடல்தான்.

2013 மார்ச் 23 காலையில் ஊரே கண் எரிந்து தொண்டை கரகரத்து எழுந்தது. ஆலைப் புகைபோக்கியின் கருவி அளவு மீறியதைக் காட்டியது. அப்போது கருவியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம், அந்த எண் செல்லாது என்றது நிறுவனம். வாரியம் மூடியது, பசுமைத் தீர்ப்பாயம் திறக்க விட்டது. அதற்கிடையே ஏப்ரல் 2ஆம் தேதி, பழைய வழக்கொன்றில், மாசுபடுத்தியதற்கு 100 கோடி கட்டு, ஆலையை மூட வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018 பிப்ரவரியில் அ.குமரெட்டியாபுரத்து மக்கள் உட்கார்ந்தார்கள். நூறாம் நாள், மே 22, துப்பாக்கிச் சூடு. மறுநாளோடு சேர்த்து 13 பேர் கொல்லப்பட்டார்கள். ஆலை மூடப்பட்டது. 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றமும் 2024 பிப்ரவரி 29இல் உச்ச நீதிமன்றமும் அந்த மூடலை உறுதி செய்தன. மக்கள் சொன்ன கண் எரிச்சல் நீதிமன்றத்தில் எண்ணாக மாற இத்தனை ஆண்டும் இத்தனை உயிரும் தேவைப்பட்டன.

மூன்று வகைக் காற்று என்ன ஆனது? 2009 நவம்பரில் தர அளவுகளைத் திருத்தியபோது தொழிற்பகுதி, குடியிருப்பு என்ற பாகுபாட்டை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். 15 ஆண்டுகள் கழித்து எல்லா மனிதருக்கும் ஒரே அளவு. ஆனால் பாகுபாடு வேறு வாசலில் திரும்பி வந்தது. 2019 ஜனவரியில் தேசியத் தூய காற்றுத் திட்டம் தொடங்கியபோது, தர அளவை எட்டாத 102 நகரங்களின் பட்டியல் போட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து அந்த முதல் பட்டியலில் இருந்தது தூத்துக்குடி மட்டும்தான். நாங்கள் சந்தோஷப்பட்டோம், ஒத்துக்கொள்கிறோம். பிறகுதான் உறைத்தது: அது நகரங்களின் பட்டியல். கருவி நிற்கும் இடத்துக்குத்தான் எண் உண்டு, எண் இருக்கும் இடத்துக்குத்தான் நிதி உண்டு. ஒரு கிராமம் எவ்வளவு புகையைக் குடித்தாலும் அந்தப் பட்டியலில் ஏற வழியே கிடையாது.

அனல்மின் நிலையங்களுக்கு 2015 டிசம்பரில் கந்தக டை ஆக்சைடு வரம்பு விதித்தார்கள். இரண்டு வருடத்தில் வடிகருவி மாட்ட வேண்டும். கெடு தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. 2025 ஜூலையில் வந்த அறிவிக்கை நிலையங்களை மூன்று பிரிவாகப் பிரித்தது. டெல்லி வட்டாரத்துக்கோ பத்து லட்சம் மக்களுக்கு மேல் உள்ள நகரத்துக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை கட்டாயம் மாட்ட வேண்டும். கடுமையாக மாசுபட்ட பகுதிகளுக்கும் தர அளவை எட்டாத நகரங்களுக்கும் அருகே இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்வார்கள். மீதி எல்லாவற்றுக்கும் விலக்கு. நாட்டின் நிலையங்களில் பெரும்பகுதி அந்த மீதிக்குள் போய்விட்டது. மறுபடியும் மூன்று வகை. இந்த முறை பக்கத்தில் எத்தனை லட்சம் பேர் வாழ்கிறார்கள் என்பது அளவுகோல்.

பட்டாசையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில் நமக்கே குழப்பம் உண்டு. டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் 2015இல் தொடுத்த வழக்கில்தான் 2018 அக்டோபர் 23இல் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை வந்தது. அந்தக் குழந்தைகளின் நுரையீரல் உண்மை, வழக்கும் நியாயம். சிவகாசியில் வேலை போனவர்களின் கோபமும் நியாயம். ஆனால் 'டெல்லிக்காரன் நம் பிழைப்பைக் கெடுத்தான்' என்ற முதலாளிகளின் கோஷத்தை நாம் அப்படியே வாங்கிக் கத்தக் கூடாது. பேரியம் நைட்ரேட்டை ஆண்டு முழுக்கக் கையால் கலந்தவர் டெல்லிக்காரர் இல்லை. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர், 2021 பிப்ரவரி 12 சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். வெடித்துச் சாவது செய்தியாகிறது. வருடக்கணக்கில் தூள் தின்று இருமுவது செய்தியாவதில்லை.

எங்கள் குழு இப்போது செய்வது சின்ன வேலைதான். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கைப்படம்: தெருக்கள், சிம்னிகள், கல்குவாரி, குப்பைமேடு, மேல்காற்று வரும் பக்கம். அதோடு வாரியத்துக்கு ஒரு தகவல் உரிமை மனு. எங்கள் ஊருக்கு மிக அருகில் உள்ள அளவுக் கருவி எது, அது யார் வீட்டு மொட்டைமாடியில் நிற்கிறது, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார், கடந்த ஆண்டில் எத்தனை நாள் அளந்தது, ஐந்து கிலோமீட்டருக்குள் எத்தனை யூனிட்டுக்கு இயக்க இசைவு இருக்கிறது. 1981 சட்டத்தின் 43ஆம் பிரிவில் 1987இல் சேர்த்த ஒரு வழி இருக்கிறது: 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நீதிமன்றத்துக்குப் புகார் கொண்டுபோகலாம், கேட்டால் வாரியம் அறிக்கைகளைத் தர வேண்டும், பொதுநலனுக்கு விரோதம் என்று காரணம் சொன்னால் மட்டும்தான் மறுக்கலாம். இந்தப் பிரிவைப் பயன்படுத்திய ஒருவரைக்கூட நம் வட்டாரத்தில் நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை.

அடுத்த சுற்றுக் கீழத்தெருக்களிலிருந்து தொடங்குகிறது. கருவியைப் பற்றித் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தெளிவாக மனு எழுதத் தெரிந்தால் போதும். வருகிறவர்கள் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் நாலைந்து வாங்கி வாருங்கள், ஊர்ப்பக்கம் அது கிடைப்பதில்லை.